அடிச்செவிக்கு எந்தப் பசை

காலை ஏழு மணிக்குப் புதுக்கரைத் துறையிலிருந்து மரியபுஷ்பத்தின் படகு கிளம்பினால், கால் மணி நேரத்தில் பழைய நெய்தற்குடிக்கு மேலே போய் நிற்கும். அந்த ஊர் கடலுக்கு அடியில் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. படகின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் அடிச்செவி, அதாவது சோனார் வில்லை, தரையைக் கேட்டுக் கேட்டு, "மாதா கோயில் தெரு, அடுத்து வலைக்காரத் தெரு" என்று பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வரும். மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வந்து, தங்கள் வீட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுப் போவார்கள். அழுகிறவர்கள் உண்டு. சண்டைக்காரப் பக்கத்து வீட்டின் மாடி தங்கள் மாடியைவிட ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்து திருப்தியாகத் திரும்புகிறவர்களும் உண்டு.

பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள் சொல்லிச் சேர்ந்தவை. தெரியாத சுவர் தட்டுப்பட்டால் அடிச்செவியே யார் வீடு என்று கேட்கும். சொன்னால் பதிந்துகொள்ளும்.

இப்போது படகு விரிசல் கண்டு, புதுப் படகு வந்தாயிற்று. அடிச்செவியைப் பெயர்த்து இதில் ஒட்ட வேண்டும். முன்பென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த வருடம் துறைமுகம் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. பரிசோதனை நாளில் அதிகாரி அடிச்செவியின் ஓரத்தில் ஒரு தகட்டுக் கத்தியை விட்டுப் பார்ப்பார். பெயர்ந்தால் அது துறைமுகத்தின் சொத்து. உள்ளே இருப்பதை அழித்து, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வெறும் எண்களை ஏற்றித் தருவார்கள். பெயராவிட்டால் படகோடு சேர்ந்தது, தொடமாட்டார்கள். ஆனால் கட்ட எண் இல்லாத அந்தப் படகு மீன்பிடிக் கட்டங்களுக்குள் போக முடியாது. பத்து வருடத்தில் படகின் ஆயுள் முடிந்து அரவைக்குப் போகும்போது செவியும் சேர்ந்து அரைபடும்.

பசை வேலை பார்க்கும் தொம்மை இரண்டு விதப் பசையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அறுபதைத் தாண்டியவர், நெய்தற்குடிக்காரர்தான்.

"ரப்பர் பசை போடுதேன் புஷ்பம். சிலிக்கான். நெனைச்சா கழத்தலாம், மீனுக்கும் போவலாம். போன மாசம் ஒன் படகுல பதினோரு பேரு வந்திருக்காவ. அத வச்சு எப்படிப் பொழைக்கப் போற?"

"கல்பசை போட்டா?"

"எப்பாக்ஸியா? போட்டா போட்டதுதான். ஒடைச்சாத்தான் வரும். செத்த ஊரு மேலயே சுத்திக்கிட்டு கெட."

 வயிற்றுப்பாடு புஷ்பத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பதினோரு பேரின் முகமும் அவளுக்குத் தெரியும்.

"பத்து வருசம் கழிச்சு அந்தத் தெருவக் கேக்க ஆளு இருக்காதுண்ணே. இருக்கையிலேயே அழிக்கச் சொன்னா எனக்கு மனசு வரல. கல்பசையே போடுங்க."

தொம்மைக்கு முகம் கடுத்துவிட்டது. ஆனாலும் வேலையில் வஞ்சனை வைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நுரை எழாதபடி பசையை மெதுவாகக் கலக்கினார். ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் செவி செவிடாகிவிடும். வில்லையை வைத்து அழுத்தி, இடமும் வலமும் திருகித் திருகிக் குமிழிகளை வெளியேற்றினார்.

ஒட்டியவனும் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும் என்பது புதுக்கரை வழக்கம். மறுநாள் மத்தியானம் தொம்மை ஏறினார். பதினேழு வருடத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கேட்டால் தலைசுற்றும் என்பார்.

பழைய படகில் ரப்பர் பசை பாதிச் சத்தத்தை விழுங்கியிருந்தது என்பது இப்போதுதான் புரிந்தது. கல்பசை எதையும் விழுங்கவில்லை. வலைக்காரத் தெரு தாண்டியதும், இத்தனை வருடம் சும்மா கடந்துபோன இடத்தில் அடிச்செவி பேசியது.

"இங்கே ஒரு முடுக்குச் சந்து இருக்கிறது. நான்கு சுவர், ஒரு கிணறு. யார் வீடு?"

புஷ்பத்துக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். தொம்மை படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நேற்று இந்த மனிதர் அவள் பிழைப்பை நினைத்து மட்டும் வாதாடவில்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"மெசின நிப்பாட்டு," என்றார். "கெணத்தடியில தொவைக்கிற கல்லு ஒண்ணு கெடக்கணும். கேளு."

கேட்டாள். "கிணற்றுக்கு வடக்கே ஒரு கல் இருக்கிறது," என்றது செவி. "யார் வீடு?"

"சிசிலியம்மா வீடுன்னு போடு. எம் பேரு வேண்டாம். தண்ணி வந்தப்ப எங்கம்மா வரமாட்டேன்னு உக்காந்துட்டா. நாந்தான் வந்துட்டேன்."

செவி பதிந்துகொண்டது. புஷ்பம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  படகு இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. தொம்மை புதுப் படகின் உடலை முதல் தடவை பார்ப்பவர்போல் கையால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் படக பத்து வருசந்தான் ஓட விடுவானுவளா புஷ்பம்?" என்று கேட்டார்.