காலி நாற்காலிக்கு ஒரு பார்வை

"காலை எடுங்க! முதல்ல காலை எடுங்கம்மா!"

எமரி ஸ்டாம்பர் கத்திய கத்தலில், ஓடைக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் கையிலிருந்து கிளிப் நழுவி விழுந்தது. எமரியா கத்துகிறான்...? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பின்னால் பிள்ளைகள் ரகளையே செய்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான். முப்பத்துச் சொச்சம் வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அந்த வாய்தான் காரணம் என்பது எங்கள் சைக்கமோர் ஓடைக்காரர்களின் ஏகமனதான முடிவு.

துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா?

அப்போதுதான் பீன்ஸ் விதைத்து மண் மூடியிருந்த பாத்தியின் நட்டநடுவில், மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம்... அட! டெல்ஃபா நேப்பியர்! பொதுத் தொலைக்காட்சியில் சனிக்கிழமை மதியம் 'வேலியோரம்' நடத்துகிறவள். ஒரு வாரம் யார் வீட்டுப் பிடிலாவது, மறுவாரம் கூடை முடைவது, அதற்கு அடுத்த வாரம் ரோஜாவுக்கு எரு போடுவது... விளம்பரம் கிடையாது, அவசரமும் கிடையாது. கென்டக்கி மலைப் பக்கம் பாதி ஜனம் அந்த நேரத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்துவிடும்.

"இது ஆர்வில் ஸ்டாம்பர் வீடுதானே?" என்றாள், அசையாமல்.

"அவரு மூணாவது வளைவு. நான் எமரி. இந்த ஓடையில கண்ணை மூடிட்டுக் கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு ஸ்டாம்பர் தலையிலதான் விழும்... காலை இன்னும் எடுக்கலையே நீங்க!"

அவள் எடுத்தாள். எடுத்து அடுத்த பாத்தியில் வைத்தாள்.

எமரி கண்களை மூடிக்கொண்டான்.

"இப்பவே பீன்ஸா? மண்ணு இன்னும் சூடே ஆகலையே. பல்கலைக்கழக விவசாயத் துறையில என்ன சொல்றாங்கன்னா..."

"இன்னிக்கு ராசி கையில இருக்குங்க."

"எங்க இருக்கு?"

"கையில. காலண்டரைப் பாருங்க." சமையலறைக் கதவில், சவ அடக்கம் செய்கிறவர்கள் வருஷா வருஷம் ஊருக்கு இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு நாளும் நிலா உடம்பின் எந்தப் பாகத்தில் நிற்கிறது என்று அதில் படம் போட்டிருக்கும். "இதை விட்டா அடுத்து பூ நாள் வந்துடும். அன்னிக்கு விதைச்சா பூவாப் பூத்துத் தள்ளும். ஒரு காய் பிடிக்காது."

"பொணம் எடுக்கறவங்க குடுத்த காலண்டரைப் பாத்தா தோட்டம் போடறீங்க?"

"மண்ணைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் டி.வி.யில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இது அது இல்லை. இதில் கண்களும் சேர்ந்துகொண்டன... மழைக்கு முந்தைய ஓடை மாதிரி, பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத கண்கள். எமரி அந்தக் கண்களைப் பார்த்தான். பிறகு அவசரமாக அவள் பூட்ஸைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மழையும் வந்தது.

டெல்ஃபா, கேமராக்கார ராய்ஸ், ஒலிப்பதிவுக்காரப் பையன், எமரி... எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் பதிவு செய்ய முடியாது என்று ராய்ஸ் வானத்தைத் திட்டினான். அவர்கள் படம் பிடிக்க வந்த ஆர்வில் வீட்டுக்குப் போன் போட்டால் அவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய வாயோடு படுத்திருக்கிறாராம். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது.

கொட்டகைச் சுவரில் ஒரு பிடில் தொங்கியது. பக்கத்தில் போன வருஷத்து பீன்ஸ், நூலில் கோத்துக் காயவைத்த மாலை மாலையாக. எங்கள் பக்கம் அதைத் 'தோல் கால்சட்டை' என்போம். ஏனென்று மென்று பார்த்தால் தெரியும்.

"பிடில் யாருது?"

"சும்மா மாட்டியிருக்கு."

"சும்மா மாட்டியிருக்கற பிடில்ல தூசியே இல்லையே, மிஸ்டர் எமரி?"

பிடிபட்டான். மாட்டிக்கொண்ட அவசரத்தில், ஏதாவது கொடுத்து வாயை அடைக்கலாம் என்று ஒரு பீன்ஸ் மாலையை எடுத்து நீட்டினான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பன்றிக் கொழுப்பு போட்டு நாள் பூரா வேகவைக்கணும்."

அவள் விளையாட்டாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். காது நுனிவரை சிவந்துபோய், கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மழை ஓயும்வரை இருவரும் பேசினார்கள். கேமரா மூடிக் கிடந்தது. பட்டிமன்றம் மாதிரி உரம், நிலா, பஸ், வாய் பேசாத மனுஷன் என்று என்னென்னவோ... எமரி ஸ்டாம்பர் அன்று பேசியதைச் சேர்த்தால், அதுவரை அவன் ஆயுசில் பேசியதைவிட அதிகம் இருக்கும்.

மழை விட்டது. ஆர்விலுக்குப் பதிலாக எமரியையே வாசிக்கச் சொல்லி, கொட்டகையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். இருப்பது ஒரே கேமரா. அது எமரியைப் பார்த்து நின்றது. அவன் பெயரில்லாத ஒரு மெட்டை வாசித்தான். மெதுவான மெட்டு... கேட்டால் ஊரை விட்டுப் போனவர்கள் நினைவுக்கு வருவார்கள். அவன் வாசித்து முடிக்கும்வரை டெல்ஃபா தலையே நிமிரவில்லை. மடியிலிருந்த பீன்ஸை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

'பிடிக்கலை போலிருக்கு...' என்று நினைத்துக்கொண்டான் எமரி.

பள்ளிக்கூடம் விடும் நேரம். பிடிலை வைத்துவிட்டு பஸ்ஸை எடுக்கப் போய்விட்டான். டி.வி.க்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் கொட்டகையில் இருந்தார்கள். போகும்போது அவள் தன் நம்பர் எழுதிய அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

அவன் அழைக்கவில்லை. நிமிர்ந்தே பார்க்காத பெண்ணை எதற்கு அழைப்பது? மிதித்த பாத்தியைக் கிளறி மறுபடி விதைக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. பூட்ஸ் தடத்தைச் சில நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் சரியாகப் பூ நாளில் கொண்டுபோய் விதையைப் போட்டான். கோடை முழுக்க அந்தத் துண்டு நிலம் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் குலுங்கியது. ஒரு காய் இல்லை.

செப்டம்பரில் நிகழ்ச்சி வந்தது. தீயணைப்பு நிலைய ஹாலில் பெரிய டி.வி. வைத்து, சோளரொட்டியும் பீன்ஸ் சூப்புமாக ஊரே கூடிவிட்டது. எமரி கடைசி வரிசை. திரையில் அவன் மெட்டு ஆரம்பித்தது... சட்டென்று திரை முழுக்க அவள் முகம். நிமிர்ந்த முகம்! இமை கொட்டாமல், உதடு லேசாகப் பிரிந்து, அந்த ஓடைக் கண்களில் மழைத்தண்ணீர் தளும்பிக்கொண்டு...

"ஓஹோ...!" என்றது ஹால்.

"டேய் எமரி, அந்தப் பொண்ணு உன்னை முழுங்கிடும் போலிருக்கேடா!"

எமரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'பாத்தாளா? என்னையா? நான் பிடில் வில்லைப் பாத்துட்டிருந்தப்பவா...?'

அக்டோபர் அறுவடை விழாவுக்கு அடுக்கு கேக் போட்டியின் நடுவராக அவள் வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். என்ன கேட்பது என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நீலத்தில் புதுச் சட்டை வாங்கியவன் வேறென்ன கேட்பான்?

விழா அன்று காலையில் தீவனக் கடையில் ராய்ஸைப் பார்த்தான். படம் பிடிக்க வந்த ராய்ஸுக்கு ஒரு கூட்டம் கிடைத்தால் போதும். யாரோ டி.வி.யில் டெல்ஃபா பார்த்த பார்வையைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

"ஓ... அந்தப் பார்வையா? அதுக்கு இவரு பஸ் ஓட்டப் போன பிறகுல்ல கேமராவைத் திருப்பினோம்! எங்க தொழில்ல அப்படித்தான். கேக்கறவங்க தலையாட்டறது, சிரிக்கறது எல்லாம் தனியா எடுத்து நடுவுல ஒட்டிக்குவோம். அவ பாத்தது காலி நாற்காலிய அண்ணே!"

கடை சிரித்தது. எமரியும் சிரித்ததாகத்தான் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்போடு விழாவுக்குப் போனான். கேக் மேஜையருகே அவள் இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாலடி முன்னால் வந்தாள்...

"எமரி! போனே பண்ணலையே நீங்க?"

"காலி நாற்காலியப் பாத்து உருகறதுக்கு நல்ல சம்பளமாமே, மேடம்?"

அவள் வந்த நாலடியும் பின்னால் போனாள். கையிலிருந்த முள்கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"ஆமாங்க. மனுஷங்களுக்கு நாற்காலி எவ்வளவோ மேல். குத்திப் பேசாது."

அவ்வளவுதான். இவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். ஒருவராவது திரும்பி வருவார்கள் என்று நான் பரிசு அறிவிக்கும்வரை நின்றேன். கேக் தீர்ந்ததுதான் மிச்சம்.

ஆனால் பொதுத் தொலைக்காட்சியின் குணம் உங்களுக்குத் தெரியுமே. ஒருதடவை போட்டதை விடவே விடாது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சனிக்கிழமை அந்த நிகழ்ச்சி திரும்ப வரும். எமரிக்கு நரை வந்தது, பஸ் மாறியது, பஸ்ஸில் போன பிள்ளைகளின் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள்... அவள் மட்டும் அதே வயதில், அதே மழை ஈரத்தோடு, அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வரும்போது எமரி எழுந்து போய் நாய்க்குத் தீனி வைப்பான். பாவம், அந்த வீட்டில் வளர்ந்த நாய்களெல்லாம் வசந்தத்துக்கு ஒரு வேளை அதிகமாகச் சாப்பிட்டன. இவன் வேறு யாரையும் தேடிக்கொள்ளவில்லை. அவள் லெக்சிங்டனில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

போன வருஷம் 'வேலியோரம்' முடிவுக்கு வந்தது. கடைசி நிகழ்ச்சிக்காகப் பழைய வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்று வந்தார்கள். இந்த முறை வண்டி வழி தவறவில்லை. டெல்ஃபா இறங்கி, பாத்தியைச் சுற்றிக்கொண்டு, வரப்பில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். கண்ணோரம் சுருக்கம். விரலில் மோதிரம். எனக்கென்ன வந்தது... ஆனாலும் பார்த்தேன்.

படப்பிடிப்பு சுருக்கமாக முடிந்தது. மற்றவர்கள் சாமானை வண்டியில் ஏற்ற, இருவர் மட்டும் கொட்டகையில் மிஞ்சினார்கள். அங்கே பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் காலரில் குத்திய மைக்கை யாரும் கழற்றவில்லை. வண்டியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த புது ஒலிப்பதிவுக்காரன் என் மருமகளுக்குத் தம்பி. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

"அந்தப் பழைய நிகழ்ச்சி இன்னும் போடறாங்க போல," என்றாள் அவள்.

"போடறாங்க. நாற்காலியப் பாக்கற இடம் வந்தா நான் எழுந்து போயிடுவேன்."

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டதாம்.

"எமரி... நீ வாசிச்சப்போ நான் எங்க பாத்துட்டிருந்தேன்?"

'நீ' என்று சொன்னது இவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "பீன்ஸை" என்றான்.

"ஏன்னு யோசிச்சியா?"

"பிடிக்கலன்னு நெனச்சேன்."

"நிமிந்தா மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்னு பயம். நீ எதிர்ல இருந்தவரைக்கும் என்னால பாக்க முடியல. நீ போனப்புறம் ராய்ஸ், 'அந்தாளு உக்காந்திருக்கறதா நெனச்சுக்கோ'ன்னான். நெனச்சேன். அதான் அது. எத்தனையோ பேருக்குத் தலையாட்டி நடிச்சிருக்கேன்... அந்த நாற்காலிகிட்ட மட்டும் நான் நடிக்கல எமரி."

தகரத்தில் ஒரு அணில் ஓடியதாம்.

"இதை அன்னிக்கு விழாவுலயே சொல்லியிருக்கலாமே, டெல்ஃபா..."

"நீ சொல்ல விட்டியா? நானும்தான்... வாயை அடக்கியிருக்கலாம்."

"நான் அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். என்னை..."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"புதுச் சட்டை. விலைச்சீட்டு காலர்லயே தொங்கிட்டிருந்துது. நீ திரும்பிப் போறப்போ முதுகுல ஆடிட்டே போச்சு... கூப்பிட்டு எடுத்து விடலாம்னு ரெண்டடி வந்தேன்."

"வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

வண்டி ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள். அவன் ஆணியிலிருந்து ஒரு பீன்ஸ் மாலையை எடுத்து நீட்டினான். இந்தத் தடவை அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வரப்பைச் சுற்றி நடந்து போனாள்.

இந்த வசந்தத்திலும் அந்த நிகழ்ச்சி வந்தது. ஒரு துண்டு கேக் கொடுக்கிற சாக்கில் நான் சரியாக அந்த நேரத்துக்கு எமரி வீட்டுக்குப் போனேன். கொட்டகையிலிருந்த அந்தப் பழைய நாற்காலியை உள்ளே கொண்டுவந்து, டி.வி.க்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தான். மெட்டு ஆரம்பித்துவிட்டது. நாய் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மறைக்குது."

கேக்கை அடுப்பு மேடையில் வைத்தேன். அவள் நிமிரப் போகிற நேரம்... என் ஆயுசில் முதல்முறையாக, எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.