நாற்பதாவது இலையிலும் அதே சாம்பார்

தாழியூரில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பந்தியில் உட்காருமுன் கை கழுவ மாட்டார்கள், மூக்கைக் கழுவுவார்கள். செவ்வாய்க் கிரகத்தின் மண்ணுக்கடியில் நாலு தலைமுறையாக இருக்கிற ஊர் அது. உடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் தோளில் ஒட்டிய ஊட்டப்பட்டையிலிருந்து காலையிலேயே ரத்தத்தில் இறங்கிவிடும். வயிற்றுக்குச் சரி, நாக்கு சும்மா இருக்குமா? அதற்குத்தான் சொட்டாவி.

சொட்டாவி என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குப்பி. உள்ளே கம்பிச்சுருள், அதற்குள் பஞ்சுத்திரி, பக்கத்தில் காற்றுக்கண். திரியில் இரண்டு சொட்டு சாம்பார்ச் சாறு விட்டுக் கம்பியைச் சூடேற்றி வாய்முனையில் இழுத்தால், சாம்பார் ஆவியாக உள்ளே வரும். உப்பு மட்டும் ஆவியாகாது. அதனால் பந்தியில் முதலில் நாக்கு நுனியில் ஒரு கல் உப்பு வைப்பார்கள். இலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பச்சைத் தட்டு ஒன்று, அதில் ஒரு சொட்டாவி, அவ்வளவுதான் இலை.

அந்த ஊரில் மதிவதனியின் கல்யாணப் பந்தியைத் தன் கையாலேயே நடத்துவதாகச் சொல்லிவிட்டாள் அவளுடைய அத்தை தேவகுஞ்சரி. சும்மா சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மார்தட்டிச் சொன்னாள். பெண்வீட்டார் கையால் சொட்டிப் பரிமாறினால்தான் வந்தவர்களுக்கு மரியாதை. 'பரிமாறி' எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவமானம். எந்திரத்தைப் பார்த்ததும் தாலியோடு எழுந்துபோன சம்பந்திகள் உண்டு. பந்தி ஆவியை இழுத்து வெளியேற்றும் காற்றுச் சலிப்பான்கள் காலையில்தான் முழுவேகத்தில் ஓடும் என்பதால், தாழியூரில் பந்தி முடிந்த பிறகுதான் தாலி. ஆகவே போக நேரம் இருக்கும்.

குஞ்சரி பிராணவாயுக் குழாய்களில் கசிவு அடைக்கிறவள். காற்று எங்கே நுழையும், எங்கே வீணாகும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. ஊரில் மற்றவர்கள் காற்றுக்கண்ணை அகலத் திறந்து வைப்பார்கள். ஆவி மேகமாகக் கிளம்பும், படம் எடுத்தால் ஜோராக இருக்கும், வாயில் ஒன்றும் நிற்காது. "மேகத்த வெச்சு என்ன பண்றது, மழையா பெய்யப் போகுது?" என்பாள் குஞ்சரி. அவள் அந்தக் காற்றுக்கண்ணைப் பாதியாகச் சுருக்கினாள். சுருளை அதற்கு நேரே இறக்கி, காற்று கம்பியில் மோதிவிட்டே வாய்க்கு வரும்படி செய்தாள். மூடியின் உட்புறத்தைச் சிறிதாக்கி, ஆவி அலைந்து திரிய இடமில்லாமல் பண்ணினாள். பஞ்சைத் திணித்தால் சாறு ஏறாது, தளர விட்டால் ஒழுகும். அந்த நடுப்பதம் பிடிபடவே இரண்டு வருஷம் ஆயிற்று. சாம்பாருக்குப் போட்ட பஞ்சு பாயசத்துக்கு ஆகாது. சூடு அதிகமானால் பெருங்காயம் முந்திக்கொள்ளும், குறைந்தால் புளி எழுந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், திரி காயுமுன் அடுத்த சொட்டு விழவேண்டும். காய்ந்தால் பஞ்சு கருகும், தொண்டை எரியும், மானம் போகும்.

நாலு வருஷ உழைப்பு. கல்யாணத்தன்று பத்துப் பத்துப் பேராக நாலு பந்தி. குஞ்சரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நடந்தாள். ஒரு சொட்டு முந்தவில்லை, ஒரு சொட்டு பிந்தவில்லை. சாம்பாரை இழுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கைக்குத் தங்கக் காப்பு போடவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அம்பலவாணன் மட்டும் கண்ணை மூடவில்லை. வடதுருவக் குடியிருப்புக்காரர். எந்தக் கல்யாணத்திலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் எழுந்ததில்லை. முதல் பந்தியில் இழுத்தார், குறை அகப்படவில்லை. இரண்டாம் பந்தியில் பக்கத்து ஆளின் சொட்டாவியில் தன் வாய்முனையை மாட்டி இழுத்தார். நாலாம் பந்தியின் கடைசி இலைவரை வந்தார். பிறகு வாய்முனையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மாப்பிள்ளைய எழுந்திருக்கச் சொல்லுங்க. நம்மள ஏமாத்திட்டாங்க."

மதிவதனியின் அப்பா திருமேனி பதறி ஓடிவந்தார். "என்ன சம்பந்தி, என்ன குறை?"

"குறை இல்லீங்க. அதான் குறை! மொத எலையில என்ன சாம்பாரோ, நாப்பதாவது எலையிலயும் அதே சாம்பார். மனுஷக் கைன்னா ஒரு எலைக்காவது கூடக் குறைய வராதா? கைமணம்னு ஒண்ணு வேணாமா? எங்கயோ உள்ள எந்திரத்த ஒளிச்சு வெச்சுட்டு, இந்தம்மாவ சும்மா குறுக்கயும் நெடுக்கயும் நடக்க விட்டிருக்கீங்க."

குஞ்சரிக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாரப் பாத்து எந்திரம்ங்கிறீங்க? நாலு வருஷம் ராவும் பகலும் கம்பி சுத்தியிருக்கேன்!"

"அப்ப என் கண்ணு முன்னாடி சொட்டுங்க, பாப்போம்."

மணமேடையில் மதிவதனி தலையை நிமிர்த்தி அத்தையையே பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. தாலித் தட்டைக் கையில் வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குஞ்சரி புதுப்பஞ்சு போட்டாள். ரசச் சாறு இரண்டு சொட்டு விட்டாள். கம்பி சூடேறியது. ஆனால் கோபம் கையை விட்டுவைக்குமா? அம்பலவாணனை முறைத்துக்கொண்டே நின்றவள் அடுத்த சொட்டை மறந்துபோனாள். அவர் ஆழமாக இழுத்தார். உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம். பஞ்சு கருகிவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அம்பலவாணன் இருமினார். குனிந்து, நிமிர்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. பேச்சு வந்ததும் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுதாய்யா கைமணம்! அம்மாடி, என்னை மன்னிச்சிருங்க. எந்த எந்திரத்துக்கு இது வரும்? எங்க வீட்டுல தெனமும் இதே ருசிதான். என் வீட்டுக்காரி கையும் இப்படித்தான்!"

அவருடைய வீட்டுக்காரி அவரைப் பார்த்த பார்வையில், அன்று ராத்திரி அவருக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

மேளம் கொட்டியது. தாலி ஏறியது. மதிவதனி ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். நாற்பது பேரும் வரிசையில் நின்று அந்தக் கருகல் ரசத்தைக் கேட்டு வாங்கி, இருமி இருமிப் பாராட்டினார்கள். நாலு வருஷச் சாம்பாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது தப்பு, தீய்ந்துபோய்விட்டது என்று கத்தவேண்டும்போல் இருந்தது குஞ்சரிக்கு. "வாயத் தொறக்காத, குஞ்சரி" என்றார் அண்ணன் திருமேனி காதோரம்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "எங்க குடும்பப் பக்குவம், சம்பந்தி. எல்லாருக்கும் வந்துடாது" என்றாள்.

சங்கதி ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே பரிமாறி எந்திரத்தில் 'கைமணம்' என்றொரு பொத்தான் வைத்தார்கள். அமுக்கினால் பத்துக்கு ஒரு சொட்டு கருகும், நாலு இலைக்கு ஒரு தரம் உப்புக்கல் தவறும். பந்திக்குப் பந்தி ஜனங்கள் இருமிக்கொண்டே உருகினார்கள். எது கை, எது எந்திரம் என்று யாருக்கும் பிடிபடாமல் போகவே, ஊர் நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. இனிப் பந்தி நடத்துகிறவர்கள் எல்லோரும் 'மனிதக் கை' முத்திரை வாங்கவேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: 'இதுவரை தாங்கள் செய்த குறைகளை எழுதுக.'

குஞ்சரி படிவத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணத்துல அந்த ரசம் தீஞ்சுதே, அத எழுதேன்" என்றார் திருமேனி.

"அது எப்படிக் குறையாகும்? குடும்பப் பக்குவம்னு நாப்பது பேர் முன்னாடி சொல்லியிருக்கேன். இப்ப மாத்திப் பேசவா?"

"சும்மாவாச்சும் ஒண்ணு எழுதித் தொலையேன், குஞ்சரி. உப்பு மறந்துட்டேன்னு எழுது."

"நான் எப்ப மறந்தேன்?"

கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினாள். மூன்றாம் நாள் நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. 'குறை எதுவும் குறிப்பிடப்படாததால், விண்ணப்பதாரர் எந்திரம் எனக் கருதப்படுகிறார். பராமரிப்புக்காகத் தங்கள் உரிமையாளரை உடனே அனுப்பிவைக்கவும்.'

திருமேனி தலையில் கைவைத்துக்கொண்டார். குஞ்சரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு குழாய்க் கம்பியில் ஒரு சட்டம் வளைத்து, கடிதத்தை அதில் செருகி, வீட்டுக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படும்படி வாசல் சுவரில் மாட்டினாள். யாராவது வந்து நின்று படித்தால், அவர்களிடம் சொல்வாள்:

"நல்லாப் படிங்க. கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு, என் கையில குறையே இல்லைன்னு."