பெர்னடெட்டின் அந்தூரியம்

காலையில் சன்னலைப் பார்த்து நின்ற அந்தூரியம் பத்து மணிக்குச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செடி வெளிச்சத்துப் பக்கம் சாயும் என்பது எவலினுக்குத் தெரியும். ஆனால் இருட்டடித்துக் கிடக்கும் சமையலறையில், அடுப்பருகே அவள் நிற்கிற இடத்தைப் பார்த்து மூன்று சிவப்புப் பூக்களும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் என்னவென்று சொல்வது? தொட்டியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். ஈர மண்ணோடு முகப்பவுடர் வாசனையும் வந்தது. எவலின் பவுடர் போடுவதில்லை.

அது மார்க்கின் முதல் மனைவி பெர்னடெட் வளர்த்த செடி. அவள் செத்து இரண்டு வருடம். எவலின் அவனை மணந்து இந்தப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு வாழ வந்து எட்டு மாதம். தினமும் பங்சாருக்கு வேலைக்குக் கிளம்புமுன் மார்க் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பான். "வரேன் பெர்னா" என்று முணுமுணுப்பான். எவலினிடம் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வான், அவ்வளவுதான்.

"அதை வெளிய வைக்கலாம் லா," என்று இன்று காலை அவன் இலை துடைக்கும்போது கேட்டே விட்டாள்.

"அவ வெயில் தாங்க மாட்டா," என்றான்.

அவளாம். மண்ணுக்குள் போயும் சக்களத்தியா?

சனிக்கிழமை, மார்க்குக்கு அரை நாள் வேலை. மதியம் சோறு வடித்தாள். வடிகஞ்சியை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். இன்று அவள் ஆறவைக்கவில்லை. மறுபடியும் தன்னையே பார்த்து நின்ற பூக்களின் மேல் கொதிக்கக் கொதிக்கக் கவிழ்த்தாள்.

மண் சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. மூச்சோடு உள்ளே போய்விட்டது. பவுடர் வாசனை. தொண்டைவரை. இலைகள் துவண்டு விழுந்தன.

ஒழிந்தாள் என்று சொல்லப் போனாள். வாய் அசையவில்லை. கால் நகரவில்லை. கழுத்து மட்டும் தானாக, மெல்ல, சன்னல் பக்கம் திரும்பியது.

சாவிச் சத்தம். மார்க்.

வெந்து கிடந்த செடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. ஈரத்துணியோடு வந்து அவள் கையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தான். எட்டு மாதமாக அவள் ஏங்கிய தொடுகை.

"ரொம்பச் சுட்டுச்சா, பெர்னா?"

"கொஞ்சந்தான் லா."

அவள் வாய்தான். அவள் பேசவில்லை.

நான் எவலின், எவலின் என்று உள்ளே கதறினாள். மார்க் சிரித்தான். எவலினைப் பார்த்து ஒருநாளும் அவன் சிரித்திராத சிரிப்பு. அவள் உதடுகள் விரிந்து, அவனைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தன.