உறை மேல் எழுதியது

அன்றைக்கு மாமா அக்காவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

புருஷனான அவருடைய அடி தாங்காமல் அக்கா ஓடிப்போய் நான்கு மாதம். ஞாயிறு தவறாமல் வந்து, அம்மாவிடம் அழுதபடியும் தங்கையான அவளிடம் சிரித்தபடியும், "எங்கே இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர், இன்று ராத்திரி கூடத்தில் சம்மணமிட்டு, மின்விசிறியின் கடகடப்புக்கு நடுவே, மூக்கைத் துளைக்கும் சோப்பு வாசனையோடு, தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு இவ்வளவு பசி?"

"அலைச்சல் அத்தை. ரெண்டு மாடி ஏறி இறங்கினேன். அங்க தண்ணிகூட மேல ஏறலை, பாவம்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அக்கா போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள். "மெயிலுக்கு உள்ள எழுதுறதுக்குத்தான்டி பூட்டு. யாருக்கு அனுப்புறே, எப்போ அனுப்புறே, தலைப்பு, இதெல்லாம் உறை மேல இருக்கிற மாதிரி. யார் வேணா படிக்கலாம். தலைப்புல புள்ளி மட்டும் வை."

முதல் மாதம் புள்ளிதான் வைத்தாள். புள்ளிக்கு அக்கா நிதானமாகப் பதில் போட்டாள். தலைப்பையே கேள்வியாக வைத்தால் உடனே வந்தது. அந்த ஆசைதான்.

அனுப்பிய மெயில்களின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னப் பூட்டு. பக்கத்திலேயே அவள் கைப்பட எழுதிய தலைப்புகள்.

'ஸ்டேஷன் பின்னாடி வீடு பிடிச்சிருக்கா?'

'தையல் கம்பெனியில நைட் ஷிப்டா?'

'ரெண்டாம் மாடிக்குத் தண்ணி ஏறுச்சா?'

போன மாதம் ஹால் டிக்கெட் எடுக்க மாமாவின் போனில் இதே மெயிலைத் திறந்தாள். மூடினாளா?

மூடவில்லை.

நான்தான். நானேதான் வழி சொல்லியிருக்கேன்.

அக்காவுக்கு அவசரமாக எழுதினாள். தலைப்பில் புள்ளி. அனுப்பினாள்.

கூடத்தில், மேசை மேல் மாமாவின் போன் சத்தமில்லாமல் கிடந்தது.

அடுத்த நொடி ஒரு டிங். அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து.

கை கழுவும் சத்தம். நெடுநேரம். பிறகு காலடி. கதவில் ஒற்றை விரல் தட்டு.

"பாப்பா. மெயில் வந்திருக்கும்மா. திற."

"திறயேன்டி, மாமா கூப்பிடுறார்ல?" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

திறந்தாள்.

அவர் உள்ளங்கையில் அக்காவின் போன். அவள் ஒட்டிய மஞ்சள் பூ ஸ்டிக்கரோடு. அக்கா விரல் வைத்தால் மட்டுமே திறக்கிற போன்.

"பூட்டியிருக்கு, பார்" என்று சிரித்தார். பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். ஈரம். ஒரு முனையை மட்டும் பிரித்து, நகம் தெரிந்த நுனியைத் திரையில் மெல்ல அழுத்தினார்.

வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

எழுத்துக் கூட்டுகிற குழந்தையைப் போல, நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"அக்கா... உடனே... ஓடிடு..."