இடப்பக்கத்து அம்மா

"இன்னாம்மா இது, போணி நேரத்துல பீச்சாங்கையை நீட்டிகினு கீறே?"

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து செம்பாக்கம் தெருக்களில் விற்கும் அங்காளம்மா, கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக இப்படிக் கேட்டபோது, யாரைச் சொல்கிறாள் என்றே ஜோதிலட்சுமிக்கு விளங்கவில்லை. அங்கே நின்றது அவள் ஒருத்திதான். அவளுடைய வலது கை இரும்புக் கேட்டைப் பிடித்திருந்தது. கேட்டின் துரு உள்ளங்கையில் உறுத்துவதுகூடத் தெரிந்தது. மீனுக்குப் பாத்திரம் எடுக்க இனிமேல்தான் உள்ளே போக வேண்டும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! தலையை இடப்பக்கம் திருப்பினாள். பார்வை வழக்கம்போல் பாதி வழியில் நின்றுவிட்டது. கன்னம் தோளில் இடிக்கும்வரை கழுத்தைத் திருப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. எவர்சில்வர் பாத்திரம் ஒன்று அங்காளம்மாவை நோக்கி நீண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது அவள் தோளிலிருந்து கிளம்பிய கை.

"மறந்துட்டேன்க்கா," என்று அசடு வழிந்தபடி பாத்திரத்தை வலது கைக்கு மாற்றினாள். இடது கை உடனே விடவில்லை. கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டது.

ஜோதி மூன்றாம் வகுப்பு டீச்சர். இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், வேளச்சேரி சாலையில் கொட்டும் மழையில், கணவன் பிரேமின் பைக் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கியபோது பின்னாலிருந்த அவள் தூக்கி எறியப்பட்டாள். ஹெல்மெட் பிரேம் தலையில் மட்டும்தான் இருந்தது. அவளுடைய மண்டையின் வலப்பக்கம் நடைபாதைக் கல்லில் மோதியது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, அவளுடைய உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் பசியோடு எழுந்தாள். தலையில் ஒரு பாதியை மட்டும் வாரினாள். ஆறு வயது மகள் மிருதுளா இடப்பக்கம் நின்று கூப்பிட்டால், குரல் வலப்பக்கத்திலிருந்து வருவதாகக் கேட்டு அங்கே தேடினாள். "கண்ணாமூச்சியாம்மா?" என்று மிருதுளா கைகொட்டிச் சிரித்தாள். அடிபட்ட மூளை இடத்தை வலமாகச் சொல்லும், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சரியாகத்தான் போனது. வினையே அதுதான். நான்காவது வாரத்திலிருந்து தட்டு முழுக்கக் காலியானது, தலை இரண்டு பக்கமும் படிய வாரியிருந்தது, துவைத்த துணியெல்லாம் ஓரம் ஒட்டி மடித்து அடுக்கியிருந்தது. பிரேமின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "எப்படியோ தேறிட்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜோதிக்கு மட்டும் தெரியும், அவள் இன்னும் பாதித் தட்டைத்தான் பார்க்கிறாள். மீதிப் பாதியை வாய்க்குக் கொண்டுவந்தது எது என்று தெரியாது. ஆனால் வயிறு நிறைந்திருந்தது.

தாம்பரத்தில் இருந்த டாக்டர் ஏகநாதன் அவள் பார்த்த மூன்றாவது நரம்பியல் நிபுணர். ஏ.சி.யின் ஈர வாடை அடித்த அந்தச் சின்ன அறையில், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். ஜோதி வட்டம் போட்டாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஆறுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். ஜன்னலைப் பார்த்தபடி, குழந்தை எந்த ஸ்கூல் என்ற அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெரி குட். முழுசா போட்டிருக்கீங்க," என்றார் டாக்டர்.

"ஆறு வரைக்கும்தான் எழுதினேன் டாக்டர்."

அவர் தாளைத் திருப்பி அவள் வலப்பக்கமாக நகர்த்தினார். ஏழிலிருந்து பதினொன்றுவரை எல்லா எண்களும் இருந்தன. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது. அது அவளுடைய கையெழுத்து இல்லை.

இந்தப் பரிசோதனையை எப்போதும் மொபைலில் பதிவு செய்வாராம். அதைப் போட்டுக் காட்டினார். படத்தில் ஜோதி பேனாவை வைத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பினாள், மிருதுளாவின் ஸ்கூலைப் பற்றிப் பேசினாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து இடது கை அவசரமில்லாமல் எழுந்து வந்தது. பேனாவை எடுத்தது. எழுதி முடித்து, முன்பு இருந்த இடத்திலேயே, முன்பு இருந்த மாதிரியே பேனாவை வைத்தது. மேசைமேல் ஓய்ந்து கிடந்த வலது கையை இரண்டு முறை மெல்லத் தட்டிக்கொடுத்தது. பிறகு மடிக்கு இறங்கியது.

"அது என் கை இல்ல டாக்டர்."

"அப்படித்தாம்மா தோணும். உங்க கைதான்னு மூளைக்கு இன்னும் பதியல. ஆனா கை நல்லா வேலை செய்யுது, அது நல்ல விஷயம்."

"யாருக்காக வேலை செய்யுது?"

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேமைப் பார்த்தார். பிரேம் தன் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான். "ஸ்கேன்ல பழைய அடியோட தழும்பு மட்டும்தான் இருக்கு," என்றார் டாக்டர் கடைசியில். "ஏன் இப்படி நடக்குதுன்னு எனக்கும் தெளிவா சொல்லத் தெரியல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

வெளியே வந்ததும் பிரேமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குங்க. மிருதுவைக் கொஞ்ச நாள் அக்கா வீட்ல விட்டுடலாமா?"

"கைக்குப் பயந்து யாராவது குழந்தையை அனுப்புவாங்களா? நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார் ஜோதி. இதோட விடேன்." அவள் குணமாகிவிட்டாள் என்று நம்புவது அவனுக்கு அவசியமாக இருந்தது. அவள் குணமாகாவிட்டால் அந்த மழையும் பள்ளமும் இல்லாத ஹெல்மெட்டும் ஆயுசுக்கும் அவன் தலையில்தான் விடியும். பாவம், அவனும்தான் எத்தனை நாளைக்குத் தாங்குவான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குத் தேங்காயெண்ணெய் மணமும், கூந்தலில் சீப்பு இழுபடும் சரக் சரக் ஓசையும் வலப்பக்கமாக வந்தன. வலப்பக்கம் யாரும் இல்லை.

"மிருது, எங்கடி இருக்கே?"

"இந்தப் பக்கம்மா. அசையாதே. இடப்பக்கத்து அம்மா எனக்குத் தலை வாரிவிடுறா."

"யாரு அது?"

"உன் அந்தப் பக்கத்துல இருப்பாளே, அவதான். அவ திட்டவே மாட்டா. என்னை வா வான்னு கூப்பிட்டுகிட்டே இருப்பா."

"எங்க கூப்பிடுறா?"

"தெரியல. இப்படி இப்படிப் பண்ணி வெளியில காட்டுவா."

வெளியே என்றால் ஜன்னலுக்கு வெளியே தெரு. தெருவைத் தாண்டினால் ஏரி. ஜோதி கன்னத்தைத் தோளில் இடித்துத் திரும்பினாள். குழந்தை கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். சீப்பு தரையில் கிடந்தது. கை அவள் கழுத்தின்மேல் இருந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம். நான்கு விரல்கள் மறுபக்கம்.

வலது கையால் அதைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அன்று இரவு அழுது, கெஞ்சி, கத்தி, குழந்தையை வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு அனுப்புவதென்று பிரேமைச் சம்மதிக்க வைத்தாள். நான்கு நாள்தான். நான்கு நாளைக் கடத்திவிட்டால் போதும்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸ்கூல் வேன்காரர் போன் செய்தார். வண்டி பழுதாகிவிட்டது, குழந்தையை வந்து அழைத்துக்கொள்ள வேண்டுமாம். ஜோதி பிரேமுக்குப் போன் அடித்தாள். மறைமலை நகர் தொழிற்சாலையின் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். "அஞ்சு மணிக்கு முன்னாடி வர முடியாது ஜோதி! பத்து நிமிஷ நடைதானே, போய்க் கூட்டிட்டு வந்துடேன்!" பக்கத்து வீடு பூட்டியிருந்தது. ஸ்கூலில் போனை யாரும் எடுக்கவில்லை.

அவள் ஒரு பழைய துப்பட்டாவை எடுத்தாள். இடது கையை இடுப்போடு சேர்த்து வைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஆட்டிப் பார்த்தாள். கை அசையவில்லை. பிறகுதான் செருப்பை மாட்டினாள்.

ஏரிக்கரையை ஒட்டிய மண்பாதை. ஐப்பசி மழையில் ஏரி விளிம்பு தொட நிறைந்திருந்தது. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடை, தண்ணீரில் எதுவோ துள்ளி விழும் ஓசை, எதிர்க்கரையில் குடியிருப்புகளின் மங்கலான வரிசை. போகும்போது ஏரி வலப்பக்கம் இருந்தது. திரும்பும்போது ஏரி இல்லை. வலப்பக்கம் வீடுகளின் மதில் மட்டும் நீண்டுகொண்டே போனது.

"இந்தக் கையை மட்டும் பிடிச்சுக்கோ. வீடு வர்ற வரைக்கும் விடக் கூடாது, சரியா?"

"சரிம்மா," என்று மிருதுளா வலது கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தன் ரப்பரைத் திருடியதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள். சூடான கை, வியர்த்த கை. ஜோதிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. நழுவிய முந்தானையை இழுத்துவிட ஒரு கணம் கையை விட்டாள். மறுகணமே அந்தக் கை திரும்பி வந்து அவள் கைக்குள் புகுந்துகொண்டது. நல்ல பிள்ளை.

பேச்சு நின்றுவிட்டது. களைத்திருப்பாள்.

மதில் போய்க்கொண்டே இருந்தது. தவளைச் சத்தம் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

துப்பட்டா முடிச்சு.

ஒற்றைக் கையால் எப்படி முடிச்சுப் போட்டாள்?

ஒரு முனையை வலது கை பிடித்திருந்தது. இன்னொரு முனை? பல்லால் கடிக்கவில்லை. கதவில் மாட்டவில்லை. இன்னொரு முனையை யார் பிடித்தது?

"மிருது."

கைக்குள் இருந்த கை அழுத்திக் காட்டியது. இருக்கிறாள். இருக்கிறாள், அது போதும். ஜோதி நடையை எட்டிப் போட்டாள். செருப்பு சொதசொதத்தது. புடவையின் கீழ்ப்பகுதி கணுக்காலில் ஒட்டிக் கனத்தது. மழை எப்போது பெய்தது? பார்க்காதே. நட. இந்தக் கையை மட்டும் விடாதே.

தெருமுனை. விளக்குகள் எரிந்தன. பத்து நிமிட நடைதானே, அதற்குள் எப்படி இருட்டியது?

கேட்டருகே பைக் நின்றது. ஐந்துக்கு முன் வர முடியாது என்ற பிரேம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தான்.

"எங்கடி போனே இவ்வளவு நேரம்? ஏன் இப்படி நனைஞ்சிருக்கே?" அவன் அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான். "மிருது எங்க?"

"இதோ. கையை விடவே இல்லைங்க." பெருமையாகத்தான் சொன்னாள். வலது கையை அவன் முன்னால் உயர்த்திக் காட்டினாள்.

பிரேமின் கையிலிருந்து ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது.

ஜோதி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை கெட்டியாகப் பிடித்திருந்தது அவளுடைய இடது கையை. தோள்வரை ஈரம். நகக்கண்களில் ஏரிச் சேறு. மிருதுளாவின் ஐ.டி. கார்டு நாடா விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது.

அவள் உதறினாள். அது விடவில்லை. சின்னக் குழந்தை பிடிப்பதுபோல், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.