பக்கத்துப் பாய்

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து அமிர்தவல்லி செஞ்சியில் இறங்கியபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் தலையணையைச் சுருட்டி வைத்த ஒரு பாயும்தான் இருந்தன. சத்துணவுத் திட்டம் வந்த மறுவருஷம் அது. பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது. ராஜகிரி மலையடிவாரத்தில், பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பாறைகள் இரவில் கக்குகிற இடத்தில், கடைசி வீடு. அவ்வளவு பெரிய வீடு அந்தச் சொற்ப வாடகைக்கு எப்படிக் கிடைத்தது என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஒருத்தி வீடு கொடுத்ததே பெரிய விஷயம்.

"பயப்படாம இரு கண்ணு. தாழ்ப்பாள மட்டும் நல்லா போட்டுக்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார குஞ்சம்மாள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அமிர்தவல்லிக்குத் திருடன் பயம் இல்லை. தூங்கத்தான் பயம். அவளுக்கு வலிப்பு தூக்கத்தில்தான் வரும், விடியப்போகிற நேரத்தில். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த புருஷன் அன்றைக்கே அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டான். அம்மாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ராத்தூக்கம் கெடக் கூடாதும்மா, கெட்டா வலிப்பு வந்தே தீரும். பக்கத்துல யாராவது படுத்துக்கணும். வந்தா ஒருக்களிச்சுத் திருப்பி விடணும். குப்புறக் கிடந்தா மூச்சு நின்னுடும்" என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் படுக்க ஆளை எழுதிக் கொடுக்க அவரால் முடியுமா?

புது இடம், தூக்கம் பிடிக்கவில்லை. விடியற்காலையில்தான் கண் அயர்ந்தாள்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தச் சுவை. பாய் நனைந்திருந்தது. வந்து போயிருக்கிறது. ஆனால் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். புரண்டுவிடாதபடி முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்திருந்தது.

கைக்குள் ஏதோ உறுத்தியது.

துருப்பிடித்த இரும்புச் சாவி.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பது ஊர் வழக்கம்தான். திணித்தது யார்? போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

சாவியோடு குஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டாள்.

"இது ஏது உனக்கு?"

"தூங்கி எழுந்தா என் கையில இருந்துது."

"இது என் பொண்ணு ஆண்டாளோடது. பொதைக்கும்போது நான்தான் அவ கையில வெச்சு அனுப்புனேன்."

குஞ்சம்மாளின் குரல் இறங்கியது. "அவளுக்கும் வலிப்பு. தீரட்டும்னு அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிம்போனேன். நடுராத்திரி அம்மன் ஊஞ்சல் முடியற வரைக்கும் கண்ண மூடக் கூடாதுன்னு கிள்ளிக் கிள்ளி முழிக்க வெச்சேன். காலையில அந்த வீட்டுக்கு வந்து, தூங்கு கண்ணுன்னு படுக்க வெச்சுட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வந்து பாக்கறேன், குப்புறக் கெடக்கறா. கையில குடுக்கற சாவி ஆணியிலயே தொங்குது. அம்மனுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

அம்மன் ஒன்றும் செய்யவில்லை, ராத்தூக்கம்தான் கெட்டது என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பெற்றவளிடம் அதைச் சொல்ல எந்தப் பாவிக்கு மனம் வரும்?

"அந்த வீட்ட வுட்டுடு கண்ணு."

விட்டுவிட்டு எங்கே போவது? வருகிற வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தால் அல்ல. அம்மாவுக்குப் பிறகு அவளைத் திருப்பிப் படுக்க வைத்தது அந்த ஒரு கைதான். அது செத்தவளின் கையாக இருந்தால் என்ன?

கடைத்தெருவில் இன்னொரு பாயும் தலையணையும் வாங்கி, இரவு தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள்.

"படுத்துக்க" என்றாள் இருட்டைப் பார்த்து. அம்மா போனபிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் நாக்கு நன்றாக இருந்தது. அவள் பாய் காய்ந்திருந்தது. அப்பாடா என்று திரும்பினாள்.

பக்கத்துப் பாய் நனைந்திருந்தது.

தலையணை நடுவில் முகம் அழுந்திய குழி. குழியில் ரத்தம். சாவி இரண்டு பாய்க்கும் நடுவே, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவள்தான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அன்றிரவு அமிர்தவல்லி படுக்கவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவளா? ஆனால் தனக்கு வந்தால் ஆண்டாள் பார்த்துக்கொள்வாள். ஆண்டாளுக்கு வந்தால் யார் இருக்கிறார்கள்?

விடியப்போகிற நேரம். வெளியே பாறைகள் ஆறிவிட்டிருந்தன. கண் சொருகியது.

பக்கத்துப் பாயில் பல் நறநறவென்று கடிபட்டது.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. மேலே யாரும் இல்லை.

"இந்தாடி, பிடிச்சுக்க" என்று சாவியை நீட்டினாள். "நான் இருக்கேன்."

ஜில்லென்ற விரல்கள் சாவியைத் தொடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

மெல்ல மெல்லப் பாயின் அதிர்வு அடங்கியது. ஜன்னல் வழியே வெயில் வந்து வெறும் பாய்மேல் விழுந்தது. இரவு முழுக்கத் தூங்காத உடம்பு கெஞ்சியது. இனிக் கண்ணை மூடினால் வலிப்பு வந்தே தீரும். அமிர்தவல்லி ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினாள்.

மணிக்கட்டில் இருந்த பிடி இன்னும் விடவில்லை.