செருப்பு புதைந்த ஓடை

"இன்னைக்கும் கிடைக்கலன்னா விட்டுத் தொலைச்சிடலாம் பாய்," என்றபடி திலகா படகில் ஏறினாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு அவள் வருவது இது எத்தனையாவது தடவை என்று கேட்டால் அடிக்கவே வருவாள்.

எல்லாம் ஒரு குழாய்ச் சேற்றால் வந்த வினை. சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, எது எந்தக் குடும்பம் என்று வகைப்படுத்துவது அவள் ஆராய்ச்சி. முதல் பயணத்தில் எடுத்த குழாய்களில் ஒன்றில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பாக்டீரியாவின் வரிசை வந்தது. புதையல்தான்! ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தோண்டியும் அது மறுபடி சிக்கவில்லை.

"ஒத்தக் குழாய வச்சு யாரும்மா நம்புவாங்க? இந்த மாசத்துக்குள்ள இன்னொண்ணு காட்டு. இல்லன்னா தீசிஸ்லேர்ந்து எடுத்துடு," என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இத்தனை வருட உழைப்பில் உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

திலகா ஐஸ் பெட்டியைத் திறந்தாள். குழாய்கள் வைக்க வேண்டிய இடத்தில் கோபிநாத்தின் தயிர்சாதம் சொகுசாக உட்கார்ந்திருந்தது. கோபி அவளுக்கு அடுத்த ஆண்டு ஆய்வில் சேர்ந்தவன்.

"கோபி, புது பாக்டீரியா தேடப் போறோம். நீ தயிர்ல இருக்கிறதக் கொண்டுவந்து கலந்து விடுறியா?"

"வெயில்ல கெட்டுப்போயிடும்னுதான்க்கா."

வழக்கமான மரத்தடியில் படகு நின்றது. படகோட்டி மஸ்தான் பாய் கோபியைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, செருப்பக் கழட்டிட்டு இறங்குங்க. முதல் தடவ மாதிரி ஒத்தச் செருப்போட வந்து நிக்காதீங்க."

திலகா திரும்பினாள். அந்த முதல் பயணத்தில் அவள் படகிலிருந்தபடி குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட, இறங்கிப் போய்ச் சேறு அள்ளி வந்தவன் கோபிதான். "எந்தச் செருப்பு?"

கோபி வானத்தைப் பார்த்தான். "அது வந்துக்கா... திரும்பி வர்றப்ப பக்கத்து ஓடையில வழுக்கி விழுந்துட்டேன். ஒரு குழாய் கொட்டிடுச்சு. அங்கேயே அள்ளிப் போட்டுட்டேன். எல்லாம் சேறுதானேன்னு..."

"எல்லாம் ஒண்ணு இல்லங்கிறதுக்குத்தானடா நான் உயிரை விடுறேன். புதுசு வந்த குழாய் அதாத்தான் இருக்கும். ஏன் சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னுதான்."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா?"

மேலும் திட்ட நேரமில்லை. கடல்நீர் ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்து ஓடைக்குப் போனால், அது முழுக்க ஒரே மாதிரி. கோபிக்குத் தெரிந்த ஒரே அடையாளம் புதைந்துபோன அந்தச் செருப்பு. மூவரும் முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவினார்கள். வேர் கீறியது, நண்டு கடித்தது, தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"போதும்மா, தண்ணி இழுக்க ஆரம்பிச்சிடும். ஏறுங்க," என்றார் பாய்.

"ஒரே ஒரு தடவ பாய்." குனிந்து தோள்வரை கையை விட்டாள். விரலில் வார் ஒன்று மாட்டியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அழுகிய முட்டை நாற்றத்தோடு நீல ரப்பர் செருப்பு வெளியே வந்தது.

"இதேதான்க்கா!"

அடுத்தவன் செருப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று திலகா நினைத்ததேயில்லை. அது கிடந்த இடத்தில் அடிச்சேற்றை அள்ளி அள்ளிக் குழாய்களில் நிரப்பினாள். தயிர்சாதம் வெளியே போனது, குழாய்கள் பெட்டிக்குள் போயின.

"இதோட ஜோடி வீட்டுல இருக்கா தம்பி?" என்று கேட்டார் பாய்.

"அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன் பாய்."

திலகா அந்த ஒற்றைச் செருப்பை அவன் மடியில் போட்டாள்.

மாதம் முடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. எல்லாக் குழாயிலும் அதே வரிசை! பேராசிரியர் திரையை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல வேற இடம்னு காட்டுனியேம்மா. இந்த ஓடைக்கு எப்படிப் போனே?"

உண்மையைச் சொன்னால் கோபி மாட்டுவான்.

"நான் விழுந்த இடம் சார்," என்றான் பின்னால் நின்ற கோபி. "விழுந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவனுக்கென்று திலகா இன்னும் ஒரு பெரிய திட்டு மீதம் வைத்திருந்தாள். அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.